சட்டத்தில் ஏறாத ஆணிகள்

முப்பத்தோரு வருஷமாக வீடுகளின் வெளிச்சுவருக்குக் கம்பிவலை அடித்துவரும் எலிசேயோ பர்ரகானின் சுவரை எந்தக் கட்டட இன்ஸ்பெக்டரும் தப்பென்று திருப்பியதில்லை. ஃப்ரெஸ்னோவை அடுத்த சாங்கர் ஊரில் இது தெரியாதவர்கள் குறைவு. யாராவது மிச்சமிருந்தால் அவரே சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் சொல்வார், மளிகைக்கடை வரிசையில் சொல்வார். ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாராம்.

"பூச்சுக்காரன் வந்து மூணு நாள் பூசிட்டுப் பேரை வாங்கிட்டுப் போயிடுவான். அந்த சிமெண்ட் எதைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது? என் வலையைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது."

அவர் சொல்வதில் பொய்யில்லை. அங்கே வீடென்றால் மரம்தான். மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடித்து, பலகையைத் தார்த்தாளால் மூடி, தாளின்மேல் கம்பிவலையை இழுத்து அடிக்க வேண்டும். வலை தாளோடு அப்பிக்கொள்ளாமல் கால் அங்குலம் விலகி நிற்க வேண்டும். அப்போதுதான் சிமெண்ட் வலைக்குப் பின்னாலும் புகுந்து பற்றிக்கொள்ளும். அடிக்கிற ஆணி பலகையைத் தாண்டி உள்ளே நிற்கும் சட்டத்தில் ஏற வேண்டும். வெறும் பலகையில் ஏறின ஆணி ஈரச் சிமெண்டின் கனத்துக்கே தளர்ந்து போகும். ஒரு வருஷத்தில் அந்த இடத்தில் விரிசல் விடும். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வரும்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. ஊருக்குக் கிழக்கே, பீச் பழத் தோட்டங்களை அழித்துப் புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்த இடத்தில், பதினைந்தாம் நம்பர் வீட்டைப் பார்க்க இன்ஸ்பெக்டர் ஹகோபியான் வந்தார். ஆர்மீனியர், அறுபதை நெருங்கியவர். அவருடைய தாத்தா திராட்சை பயிரிட்ட ஊர் இது. எலிசேயோவை இருபது வருஷமாகத் தெரியும். வழக்கமாக வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று, பிறகு கையெழுத்து. அன்றைக்கு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வாசலில் நின்று கூப்பிட்டார். "எலிசேயோ, கொஞ்சம் உள்ள வாங்க."

உள்ளே இன்னும் சுவர்ப்பலகை அடிக்கவில்லை. சட்டங்கள் எலும்பு மாதிரி தெரிந்தன. அவற்றுக்கு நடுவே வெளிப்பலகையின் முதுகு. ஹகோபியான் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதைப் பாருங்க."

எலிசேயோ பார்த்தார். பலகை தெரிந்தது. சட்டம் தெரிந்தது. இரண்டும் பால் கலந்த தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி தெரிந்தன. கொஞ்ச நாளாக எல்லாமே அவருக்கு அப்படித்தான்.

"என்ன சார்? நல்லாத்தானே இருக்கு."

ஹகோபியான் எலிசேயோவிடம் நெருங்கினார். அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "கையை வச்சுப் பாருங்க," என்றார்.

எலிசேயோ உள்ளங்கையைப் பலகையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். முதல் முனை குத்தியது. நான்கு விரல் தள்ளி இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. சட்டத்தை ஒட்டி, அரை அங்குலம் விலகி, வரிசையாக ஆணி முனைகள். ஒன்றுகூடச் சட்டத்தில் ஏறவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கையில் ஈரம் தட்டியது. வியர்வையா ரத்தமா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டியபோதுதான் ரத்தம் என்று புரிந்தது.

"இந்த ஜன்னல்ல இருபத்திரண்டு. ஹால் ஜன்னல்ல ஒன்பது. ஜன்னல் இல்லாத சுவர் எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் ஹகோபியான். "இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"தெரியுது சார்."

"நாளைக்கு மத்தியானம் வர்றேன். சரி பண்ணி வைங்க." போகத் திரும்பியவர் நின்றார். "ஒண்ணு கேக்கணும். உங்க வீடுகள்ல ஜன்னலோரம் மட்டும் சுத்தியலால அடிச்ச ஆணியா இருக்கும். மத்த இடமெல்லாம் காத்துத் துப்பாக்கியில அடிச்ச ஆணி. ஜன்னலுக்குக் கூடுதல் பலம் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். மத்த பசங்ககிட்டகூடச் சொல்லியிருக்கேன், எலிசேயோவைப் பாத்துக் கத்துக்கங்கன்னு. இந்த வீட்ல மட்டும் ஏன் அடிக்கல?"

எலிசேயோ கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார். ஜன்னலோரம் அவர் சுத்தியலைத் தொட்டு இரண்டு வருஷம் ஆயிற்று.

சுத்தியல் இருந்தவரைக்கும் கண்ணே தேவைப்பட்டதில்லை அவருக்கு. சட்டத்தில் ஏறுகிற ஆணிக்கு ஒரு சத்தம், வெறும் பலகையில் ஏறுகிற ஆணிக்கு வேறு சத்தம். மணிக்கட்டே சொல்லிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி ஃபெர்மீன் எல்லோருக்கும் காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தான். விசையை அழுத்தினால் இரண்டு கால் வைத்த ஆணி சட்டென்று இறங்கும். எதில் இறங்கினாலும் ஒரே சத்தம், ஒரே உதை. தார்த்தாளின்மேல் அடித்திருக்கிற நீல நூல்கோட்டைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கறுப்புத் தாளில் அந்த நீலக்கோடு எலிசேயோவின் கண்ணுக்கு மெல்ல மெல்ல மறைந்துகொண்டே வந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சட்டங்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்று நிற்கும். அந்த அளவு அவர் கைக்குப் பழக்கம், முழங்கையிலிருந்து விரல் கணு வரைக்கும் சரியாக வரும். அப்படியே அளந்து அளந்து அடித்தார். ஜன்னல் வருகிற இடத்தில்தான் அந்தக் கணக்கு உடையும். அங்கே சட்டங்கள் கூடும், குறையும், நகரும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மாதாமாதம் இன்ஸ்பெக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதால், தன் கை ஜன்னலையும் பழகிவிட்டது என்று நம்பிக்கொண்டார்.

ஹகோபியான் போனதும், அவர் சொன்ன சுத்தியல் ஆணிகளைத் தேடி எலிசேயோ பக்கத்துப் பதினான்காம் நம்பருக்குப் போனார். போன வாரம் அவரும் கூட வேலை செய்யும் தெல்ஃபினாவும் சேர்ந்து வலை அடித்த வீடு. இன்னும் பூச்சு ஏறவில்லை. வெளியே சமையலறை ஜன்னலோரம் விரலால் தடவினார். துப்பாக்கி ஆணிக்குத் தலை கிடையாது. இங்கே விரலுக்கு அடியில் உருண்டைத் தலைகள் தட்டுப்பட்டன, ஒன்றன்கீழ் ஒன்றாக. உள்ளே போய்ப் பலகையின் முதுகைத் தடவினார். குத்தவில்லை. நகத்தால் துழாவினார். சின்னச் சின்ன இரட்டை ஓட்டைகள். யாரோ ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் பொட்டுப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். எண்ண ஆரம்பித்தார். பத்தொன்பதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. குப்புறக் கவிழ்த்துக் கிடந்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவரோடு சுவரில் நிற்பது தெல்ஃபினா சேஹா ஒருத்திதான். பதினோரு வருஷமாக வேலையில் ஜோடி. ஒருவர் வலைச்சுருளைப் பிரித்து இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் அடிக்க வேண்டும். அவள் மகள் மரிக்ரூஸுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் எலிசேயோ. உறவு அவ்வளவு நெருக்கம், வாய்ச்சண்டை அதைவிட நெருக்கம். சாரத்தில் ஏறினால் இறங்கும்வரை ஓயாது.

"என்னண்ணே, நேத்து வலையைத் தச்சீங்களா, பின்னுனீங்களா? பாட்டியம்மா ஸ்வெட்டர் மாதிரி இருக்கு."

"நீ அடிச்ச பக்கத்தைப் போய்ப் பாரு. கோழிகூட வெளிய வந்துடும்."

"கண் டாக்டரைப் பாருங்கண்ணே. அப்பவாவது என் பக்கம் எது, உங்க பக்கம் எதுன்னு தெரியும்."

இந்தக் கடைசிப் பேச்சை அவள் மூன்று தடவையாவது சொல்லியிருப்பாள். மூன்று தடவையும் எலிசேயோ கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. போன வருஷம்தான் குடியுரிமைப் பிரமாணம் எடுத்திருந்தாள். அதற்குள் ஃப்ரெஸ்னோ கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக, ஜூரியாக வந்து உட்காரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தாள். பதினைந்தாம் நம்பரில் எலிசேயோவுக்கு வலை பிடித்தது ருத்திலியோ என்ற இன்னொரு வேலையாள். "ஒருத்தன் டிராக்டரைத் திருடுனானா இல்லையான்னு என்னையக் கேக்கப் போறாங்க. இருபது வருஷமா என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எலிசேயோ அவள் வீட்டுக்கு நடந்தார். ஒரே தெரு, ஆறு வீடு தள்ளி. தெல்ஃபினா இன்னும் கோர்ட்டிலிருந்து திரும்பவில்லை. மரிக்ரூஸ்தான் கதவைத் திறந்தாள். பழம் அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கம்பெனியில் வேலை அவளுக்கு. கை நிறையப் பீச் மணம்.

"வாங்க ஞானப்பா. கையில என்ன கட்டு?"

"வேலையில கீறிடுச்சு." நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு எதேச்சையாகக் கேட்கிற மாதிரி கேட்டார். "உனக்குக் கம்பெனியில எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம்?"

"எட்டு மணிக்கு."

"தினமும் எட்டா? அம்மாவை அஞ்சரைக்கே கொண்டாந்து இறக்கிடறியே. உனக்கு ஆறு மணிக்கு வேலைன்னு அவ சொல்லுவா."

மரிக்ரூஸ் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அம்மா அப்படியா சொல்லிருக்கு?"

"நீ சொல்லு."

"எனக்கு என்னன்னு தெரியாது ஞானப்பா. சத்தியமா. போன வருஷம் சாம்பல் புதன் அன்னைக்கு ஆரம்பிச்சுது. சீக்கிரம் கொண்டுபோய் விடுன்னு சொல்லுச்சு. ஏதோ வேண்டுதல் போலன்னு நெனச்சேன். தவக்காலம் முடிஞ்சும் நிறுத்தல. குளிர்காலத்துல தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போகும். நான் இறக்கிட்டு வந்து மறுபடி தூங்குவேன்."

சாம்பல் புதன். எலிசேயோ மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு வருஷமும் நாலு மாசமும். அத்தனை காலையும் அவர் ஆறரை மணிக்கு வந்து இறங்கும்போது தெல்ஃபினா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பாள், நெற்றியெல்லாம் வியர்வை. "இங்கேயே படுத்துத் தூங்கறியா?" என்று அவர் கேட்பார். "வீட்ல இருந்தா உங்க முகத்தை லேட்டாத்தானே பாக்க முடியும்," என்பாள். அவர் சிரிப்பார்.

கதவு திறந்தது. தெல்ஃபினா உள்ளே வந்தாள். கோர்ட்டுக்கு என்று வாங்கின நீலக் கவுன், குதிகால் உயர்ந்த செருப்பு. செருப்பை வாசலிலேயே உதறினாள்.

"திருடினது அவன்தான்," என்றாள். "எங்க பன்னிரண்டு பேருக்கும் சந்தேகமே இல்ல. என்னண்ணே, வராத ஆளு வந்திருக்கீங்க. என் மேல ஏதாவது கேஸா?"

"பதினஞ்சாம் நம்பரை ஹகோபியான் திருப்பிட்டார்."

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு கைப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"சமையலறை ஜன்னலா?"

"அதுவும் ஹாலும்."

"ஹால்கூடவா," என்றாள் தனக்குத்தானே சொல்வதுபோல. அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதினாலாம் நம்பரையும் போய்ப் பாத்தேன்," என்றார் எலிசேயோ. "பாத்தேன்னு என்ன சொல்றது. தடவினேன்."

"அதான் தடவிட்டீங்களே. அப்புறம் என்ன?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. கண் டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேனா இல்லையா? ஈஸ்டருக்குச் சொன்னேன். உங்க பொறந்த நாளுக்குச் சொன்னேன். நீங்க கெக்கெக்கேன்னு சிரிச்சீங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு கத்தணுமா?"

"கத்தியிருக்கலாம்."

"கத்தினா ஃபெர்மீன் உங்களை வேலையை விட்டு எடுத்துடுவான். அப்புறம் நான் சாரத்துல யாரோட நிக்கறது? அந்த ஊமைக்கொட்டான் ருத்திலியோவோடவா? காலையில வணக்கம் சொன்னான்னா சாயங்காலம்தான் அடுத்த வார்த்தை."

மரிக்ரூஸ் சிரித்துவிட்டாள். எலிசேயோவுக்கும் சிரிப்பு வந்தது. காப்பிக் கோப்பையைக் கீழே வைக்க முயன்றார். மேஜை விளிம்பு தெரியாமல் தடுமாறினார். தெல்ஃபினா கோப்பையை வாங்கி வைத்தாள்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்," என்றார். இதை அவர் அதுவரை மனைவி அம்பாரோவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. "எல்லைக்கு அந்தப் பக்கம் மிச்சோவகான்ல, எங்க ஊர்ல, ஒருத்தர் வந்து கண்புரையை எடுத்தார். ஒரு கண்ணு சீழ் வச்சுது. இன்னொண்ணும் போயிடுச்சு. பதினெட்டு வருஷம் சுவத்தைத் தடவிக்கிட்டு நடந்தார். அந்தக் கத்தின்னாலே எனக்கு..."

"அது எந்த வருஷம்?"

"நான் சின்னப்பையன்."

"அப்ப உங்க ஊர்ல கரண்டே இருந்திருக்காதே அண்ணே," என்றாள் தெல்ஃபினா. குரல் மாறியிருந்தது. வேலையில் பேசுகிற குரல் இல்லை அது. "நான் கூட வர்றேன். கதவுக்கு வெளிய உக்காந்திருப்பேன். ஒரு ஜூரிக்குத் தெரியாம யாரும் உங்க கண்ணை எதுவும் செஞ்சிட முடியாது."

மறுநாள் கோர்ட் வேலை இல்லை அவளுக்கு. அதிகாலை ஐந்தரைக்கே இருவரும் பதினைந்தாம் நம்பரில் நின்றார்கள். அவள் உள்ளே போய், ஒவ்வொரு முனையாகத் தட்டி, "மேல, வலது பக்கம்," என்று குரல் கொடுத்தாள். அவர் வெளியே குறட்டால் பிடுங்கினார். பிறகு அவள் சட்டத்தைக் குறிவைத்துக் காட்ட, அவர் சுத்தியலால் அடித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மணிக்கட்டில் அந்தச் சத்தம் ஏறியது. முப்பத்தோரு ஆணியும் சட்டத்தில் இறங்கின. மத்தியானம் ஹகோபியான் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எலிசேயோவின் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எலிசேயோ எழுந்து ஃபெர்மீனிடம் போனார். தெல்ஃபினா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை விலக்கிவிட்டார்.

"ஃபெர்மீன், எனக்கு ஒண்ணரை வருஷமா கண்ணு சரியாத் தெரியல. நான் அடிச்ச ஜன்னலெல்லாம் தப்பு. ராத்திரி தூங்கி எழுந்து, நாம வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்து, எல்லாத்தையும் பிடுங்கித் திருப்பி அடிச்சது தெல்ஃபினா. எனக்கே நேத்துதான் தெரியும். என் பேர்ல ஒரு வீடு நல்லா நிக்குதுன்னா அது அவ நிப்பாட்டினது."

யாரும் மெல்லவில்லை. ஃபெர்மீன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான். கோபப்பட வேண்டுமென்று அவனுக்குத் தெரிந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"இதை நீங்க எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும் அண்ணே," என்றான் கடைசியில். "யாராவது வீட்ல தண்ணி இறங்கியிருந்தா?"

"இறங்கியிருக்கும். அவ இல்லாட்டி."

"கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. கீழ நின்னு வலை வெட்டுங்க, தாள் பிரிங்க." பிறகு தெல்ஃபினாவின் பக்கம் திரும்பினான். "நீ ஒரு வருஷமா விடிகாலையில வேலை செஞ்சிருக்க. என்கிட்ட சொல்லாம."

"உங்ககிட்ட சொன்னா நீங்களும் காலையில எழுந்து வந்துடுவீங்களோன்னு பயம்தான்," என்றாள் அவள், வாயில் சோளரொட்டியோடு. அதற்கு அந்த ருத்திலியோவே சிரித்தான்.

ஜூலையில் ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள், ஆகஸ்டில் இன்னொரு கண்ணில். தெல்ஃபினா இரண்டு தடவையும் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒரு பக்கம் அம்பாரோ ஜெபமாலை உருட்ட, இன்னொரு பக்கம் தெல்ஃபினா பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை எலிசேயோ படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் எட்டி, "அண்ணே, பயமா இருந்தா டாக்டரம்மாகிட்ட உங்க சுவரு கதையைச் சொல்லுங்க. அவங்களே மயக்க மருந்து குடுத்துடுவாங்க," என்றாள். அந்தப் படுக்கையிலேயே அவர் சிரித்தது வராந்தாவரை கேட்டது. உள்ளே போனவர் அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். இவ்வளவு நாள் எதற்குப் பயந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் கண்ணில் பட்டது ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். இலை இலையாகத் தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு அம்பாரோவைப் பார்த்தார், அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு தெல்ஃபினாவைப் பார்த்தார். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் முடி வெளுத்துப் போயிருந்தது. அவர் மனசில் இருந்த தெல்ஃபினாவுக்குக் கறுகறுவென்ற முடி.

"உனக்கு எப்ப நரைச்சுது?"

"உங்க ஜன்னலைப் பாத்துப் பாத்துத்தான்," என்றாள் அவள். அவள் மடியில் கிடந்த கைகளையும் பார்த்தார். வலை கிழித்த கோடுகள், விரல் கணுக்களில் பழைய தழும்புகள், கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருந்தது. இருட்டில் சுத்தியல் பிடித்தால் அடி எங்கே விழும் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தார். அவள் எழுந்து, பார்க்கிங்கில் வண்டியை எடுத்து வருகிறேன் என்று போய்விட்டாள்.

இதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. எப்போது ஆரம்பித்தாலும் அவள் நன்றி சொல்ல விடமாட்டேன் என்றாள். செப்டம்பரில் மறுபடி சாரத்தில் ஏறி, கறுப்புத் தாளில் நீலக்கோடு பளிச்சென்று தெரிந்த முதல் நாள், "தெல்ஃபினா, ஒரு வார்த்தை," என்றார். "வலையை இழுத்துப் பிடிங்கண்ணே, தொங்குது," என்றாள். அம்பாரோ ஒரு பெரிய பானை நிறைய, சோளமாவில் இறைச்சி வைத்து அவித்த தமாலே செய்து அனுப்பினாள். தெல்ஃபினா அதே பானை நிறைய மிளகாய்க் கறி திருப்பி அனுப்பினாள். அம்பாரோ, "இவளுக்கு ஒண்ணும் குடுத்துத் தீர்க்க முடியாது போலிருக்கே," என்று தலையில் கைவைத்தாள்.

கடைசியில் எலிசேயோ கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்து மணிப் பூசையைத் தெல்ஃபினாவின் பெயரில் நன்றிப் பூசையாக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார். பாதிரியார் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. பூசை ஆரம்பத்தில் ஒரு பெண் வந்து, யார் யாருக்காக இந்தப் பூசை என்று வாசித்தாள். முதலில் இறந்துபோனவர்கள் பெயர் இரண்டு. அதே மூச்சில், அதே சோகக் குரலில், "தெல்ஃபினா சேஹாவுக்காகவும்," என்றாள். நன்றிக்காக என்று எழுதியிருந்த சொல் மைக்கில் ஏறவில்லை, இருமல் வந்துவிட்டது.

நான்காம் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்த தெல்ஃபினா நிமிர்ந்தாள். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பினார்கள். பின்னால் இருந்த செபேரினா அம்மாள், கண் மங்கினவள், மரிக்ரூஸின் தோளைத் தொட்டு, "அம்மா போயிட்டாங்களா கண்ணு? எப்ப? நல்ல மனுஷி," என்று கிசுகிசுத்தாள். தெல்ஃபினா பின்னால் திரும்பி, "இங்கதான் இருக்கேன்," என்றாள். அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பெஞ்சு முழுக்கச் சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கியது. பூசை முடியும் வரைக்கும் பாதிரியாருக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை.

வெளியே வந்ததும் தெல்ஃபினா நேராக எலிசேயோவிடம் போனாள். அதற்குள் மரிக்ரூஸின் போனுக்குத் துக்கம் விசாரித்து மூன்று செய்திகள் வந்திருந்தன.

"என்னைக் கொன்னுட்டீங்களே அண்ணே."

"நன்றின்னுதான் எழுதிக் குடுத்தேன். அந்தப் பொண்ணு இருமிடுச்சு."

"நன்றி சொல்றதுக்குப் பூசையா வைப்பாங்க?"

"நீ வாயால சொல்ல விடலையே. அங்கயாவது குறுக்க பேச மாட்டியேன்னு நெனச்சேன்."

அதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோயில் வாசலில் காப்பியும் ரொட்டியும் வாங்க வந்தவர்கள், வேலையாட்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், தூரத்தில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஃபெர்மீன். பூசை யாருக்கு, எதற்கு என்று கேட்டார்கள். எலிசேயோ சொன்னார். முப்பத்தோரு வருஷமாகச் சுவர்க்கதை சொல்லியே பழகின மனிதர் அல்லவா, ஒன்றும் விடவில்லை. ஜன்னலோரத்து ஆணிகளை, உள்ளங்கையில் குத்தினதை, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குளிரில் வந்தவளை, பசை வைத்து அடைத்த ஓட்டைகளை. இந்தக் கதையில் அவருடைய சுவர் மட்டும் பெருமையாக இல்லை.

"இந்த ஊர்ல ரெண்டு வருஷத்துல முப்பத்தஞ்சு வீடு இருக்கும், எங்க ரெண்டு பேர் கையால. அதுல பாதிக்கு மேல, ஜன்னலோரமெல்லாம் இவ தனியா ரெண்டாவது தடவை அடிச்சது. மழைக்காலம் வரட்டும், உங்க வீட்ல ஜன்னலோரம் நனையலன்னா இவளுக்கு ஒரு நன்றி சொல்லுங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் போயிடாதீங்க," என்று முடித்தார்.

தெல்ஃபினா குறுக்கே பேசவில்லை. முதல் தடவையாகக் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

"ஹால் ஜன்னல்ல ஒன்பது," என்றாள் அப்புறம். "அதை நான் மன்னிக்கவே மாட்டேன்."

"அது ஒண்ணு மட்டும்தானா?"

"ஆமா. மத்ததெல்லாம் சரி."

செபேரினா அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தெல்ஃபினாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, உயிரோடுதான் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்த்தாள். "நல்லவேளை," என்றாள். எல்லோருக்கும் அம்பாரோ காப்பி ஊற்றிக்கொண்டே வந்தாள். தெல்ஃபினா தன் கோப்பையை நீட்டி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் குடித்தாள்.